பத்மினியின் சீட்டுக்கு அடியில்

“கட்-ஆஃப் சுவிட்ச் இருக்குதுங்களா?”

“இல்லை” என்றேன் நான்.

“இல்ல” என்றான் என் தம்பி கண்ணன். அதே நொடியில், அதே வேகத்தில்.

வாளையார் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம், ஒரு பழைய பந்தயத் தடம். ஒருகாலத்தில் விமானம் இறங்கிய ஓடுபாதையாம். அப்புறம் கார்ப் பந்தயம் நடந்ததாம். இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடி, ஆசை தீர ஓட்டிவிட்டுப் போகிறார்கள். அதன் வாசலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, எங்கள் பத்மினி கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

பரிசோதிக்கிறவர் பெரிய மீசைக்காரர், கோயம்புத்தூர்ப் பேச்சு. பேட்டரி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். டிக்கியில் கிடந்த தண்ணீர்க் குடம், பாய், அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத் தூக்கு எல்லாவற்றையும் இறக்க வைத்தார். கடைசியாகத்தான் இந்தக் கேள்வி. ஓடுகிற வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒரே தட்டில் எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச் இருக்கிறதா என்று.

இருந்தது. நான் பொய்தான் சொன்னேன். அதற்கு எனக்குக் காரணம் உண்டு. ஆனால் இவன் எதற்கு இவ்வளவு அவசரமாக ‘இல்ல’ என்றான்? தெரியாதவன் தெரியாது என்றல்லவா சொல்லுவான்?

“இல்லீன்னா வேகமா விட முடியாதுங்க. ஊர்கோலம் மாதிரி மெதுவா ஒரு சுத்து போய்ட்டு வந்துருங்க” என்றார் மீசைக்காரர். கண்ணன் முகம் தொங்கிவிட்டது. இவனுக்கு ஏன் தொங்கவேண்டும்? அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

நான் சந்தேகப் பிராணி. மட்டாஞ்சேரியில் கேட்டுப்பாருங்கள், மீன்காரச் சேட்டன்கூடச் சொல்லுவார். கண்ணனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவன் படித்ததெல்லாம் மலையாளம். அந்தத் தைரியத்தில்தான் இந்த வாரப் பத்தியில் அவனைப் பற்றி எழுதுகிறேன்.

முருகனைத் திருடியவன்

அப்பா கொச்சி மாநகராட்சியில் லாரி டிரைவர். பத்மினியை யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்ததை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வாடகைக்கு விட்டார். கிரீம் நிறம். முன்னால் ஒரே நீளச் சீட்டு, ஸ்டீயரிங்கோடு சேர்ந்த கை கியர்.

ஒருநாள் பஜார் ரோட்டில் நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போனார். திரும்பி வந்தால் வண்டி இல்லை.

மறுநாள் பள்ளுருத்தியில், ஒரு வாய்க்கால் கரையில் கிடந்தது. பேட்டரி இருந்தது, டயர் இருந்தது, டிக்கியில் ஜாக்கிகூட இருந்தது. முன்னால் ஒட்டி வைத்திருந்த முருகன் படத்தை மட்டும் காணவில்லை.

“சாமி பக்தி உள்ள களவாணி” என்று அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் எல்லார் மேலும் சந்தேகம். சாயாக் கடைக்காரர் மேல், எதிர்க் கடை எடுபிடி மேல், வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்த போலீஸ்காரர் மேல். என் சந்தேகமெல்லாம் அவர் சொத்து. வேறு சொத்து அவர் வைத்துவிட்டுப் போகவில்லை, இந்த வண்டியைத் தவிர.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னை வண்டிக்குள் கூப்பிட்டார். கண்ணாடிகளை ஏற்றினார். என் கையைப் பிடித்து, டிரைவர் பக்கம் சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குக்குள் நுழைத்தார். வீட்டுச் சுவரில் இருக்குமே, உருண்டையான கறுப்புப் பழைய சுவிட்ச், அது விரலில் தட்டியது.

“இதை அமத்தி வெச்சா செல்ஃப் அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. களவாணி பெட்ரோல் இல்லைன்னு நினைச்சு இறங்கிப் போயிடுவான்” என்றார்.

குனிந்து பார்க்கப் போனேன். தலையில் ஒரு தட்டு.

“பாக்காதே! கண்ணு காட்டிக் கொடுத்துடும். விரலுக்குத் தெரிஞ்சா போதும்.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தச் சுவிட்ச் யாருக்குத் தெரியுமோ அவங்கதான் இந்த வண்டிக்குச் சொந்தம். ஆர்.சி. புத்தகத்துல என்ன பேர் வேணா இருக்கட்டும். ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே. தம்பிகிட்டகூட.”

நான் சொல்லவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திக் கால் கீழே வைப்பதற்கு முன் என் விரல் தானாகச் சீட்டுக்கு அடியில் போய்விடும்.

சந்தனம், குங்குமம்

இன்றைக்கு அந்த வண்டிதான் எனக்குச் சோறு. மட்டாஞ்சேரிக்கு வருகிற வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு, மிளகும் சுக்கும் மணக்கிற கிட்டங்கித் தெருக்களில் மெதுவாகச் சுற்றுவேன். ஆடு குறுக்கே வரும், தள்ளுவண்டி குறுக்கே வரும். நாலாம் கியர் போட இடமே கிடையாது. வருகிறவர்கள் வண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என்னையும் நிற்கச் சொல்வார்கள். எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் நிற்பேன்.

அம்மாவுக்கு வண்டி மேல் ஒரு ஒட்டுதலும் இருந்ததாகத் தெரியாது. ஏறினால் பின்சீட்டு ஜன்னலோரம். முன்சீட்டில் அப்பா அவளை உட்காரவைத்து நான் பார்த்ததில்லை. “முன்னாடி பார்ட்டி உக்காரும்” என்பார். பார்ட்டி இல்லாத நாளிலும் அவள் பின்னால்தான்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வண்டி அவள் கைக்குப் போகும். எங்களைக் கிட்டே விடமாட்டாள். கழுவித் துடைத்து, ஸ்டீயரிங், கியர், விளக்கு, நாலு சக்கரம், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பாள். அப்புறம் கொஞ்ச நாளைக்கு வண்டியில் எங்கே தொட்டாலும் விரல் சிவக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் டாக்டர்

கண்ணனுக்குக் கலூரில் ஒரு ஹோட்டலில் மேற்பார்வை வேலை. அங்கே காலைப் பலகாரத்துக்கு வருகிற, பக்கத்திலேயே வீடுள்ள ஒரு பல் டாக்டரோடு இவனுக்குப் பழக்கம். டாக்டருக்குப் பழைய கார் பைத்தியம். வீட்டில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாராம், ஒன்றையும் மழையில் விடமாட்டாராம்.

ஒருநாள் அவர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, முதலில் வண்டியின் முன்பக்கக் கம்பிகளைக் குனிந்து பார்த்தார். நோயாளியை வாய் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. “ஒறிஜினல் தன்னே அல்லே?” என்று தடவினார்.

அதற்கப்புறம் கண்ணனுக்குப் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தான். ஒரு வாரம் கழித்து, “அக்கா, கார் ஓட்டுற ஒரு பரிபாடி உண்டு. டாக்டர் நம்ம வண்டியையும் விளிச்சிருக்கார். போலாமா?” என்றான்.

“நம்மளை எதுக்குடா கூப்பிடணும்?”

“பழைய வண்டி உள்ளவங்க எல்லாரையும் விளிப்பாங்க. எந்தினா அக்கா உனக்கு எல்லாத்துலயும் சம்சயம்?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எனக்குத் தெளிவாகிவிட்டது. இவன் டாக்டருக்கு வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறான். வேகமாக ஓடும் என்று அவருக்குக் காட்டத்தான் அந்தத் தடம். போகாமல் விட்டால் வேறு வழி பார்ப்பான். கூடப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஆலுவா தாண்டும்போது “கொஞ்ச நேரம் நான் எடுக்கட்டா அக்கா?” என்றான். “வேண்டாம்” என்றேன். திருச்சூரில் கேட்டான். வேண்டாம். பாலக்காட்டில் அவன் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று வாளையார் வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஊர்கோலம்

தடத்தில் ஒரு இங்கிலீஷ் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விற்பனைச் சீட்டாக இருக்குமோ என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டு முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். செத்தால் அவர்கள் பொறுப்பில்லையாம், அவ்வளவுதான். நிம்மதியாகப் போட்டேன்.

இரவல் ஹெல்மெட் ஒன்று கொடுத்தார்கள். யாரோ ஒருவரின் தலை எண்ணெய் வாசனை. அதை மாட்டிக்கொண்டு, ஒரு ஜீப்புக்குப் பின்னால், ஒரு அம்பாசடருக்கு முன்னால், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஊர்ந்து ஒரு சுற்று வந்தேன். கான்கிரீட் பலகைகளின் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் சக்கரம் டக்கென்றது. வளைவில் வெள்ளையடித்த டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கப்பால் மயில்கள். பக்கத்தில் கண்ணன் உம்மென்று இருந்தான்.

சுற்று முடிந்து, வேப்பமர நிழலில் நிறுத்தி, சாவியை எடுத்தேன். விரல் சீட்டுக்கு அடியில் போனது. டக். அமத்திவிட்டு, கண்ணனை வண்டிக்குக் காவல் வைத்துவிட்டு, அவன் மேல் நம்பிக்கை இல்லாததால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெண்கள் கழிப்பறை தேடிப் போனேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் செல்ஃப் சத்தம் கேட்டது. எத்தனை வண்டி நின்றாலும் என் பத்மினி இருமுவது எனக்குத் தெரியும்.

சரி, வீட்டு ஆணியில் தொங்குகிற இன்னொரு சாவியைக் கொண்டுவந்திருக்கிறான் திருடன். அடிக்கட்டும், எப்படியும் பிடிக்காது என்று மெதுவாகத்தான் நடந்தேன்.

எஞ்சின் பிடித்துவிட்டது!

வேப்பமரத்தடியில்

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். டிரைவர் இடத்தில் கண்ணன். பக்கத்தில் பல் டாக்டர், காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ராஜி சேச்சி, ஒரு ரவுண்டு ஞான் ஓடிச்சோட்டே?” என்று சிரித்தபடி ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டார்.

ஜன்னலுக்குள் தலையை விட்டேன்.

“எப்படிடா ஸ்டார்ட் பண்ணினே?”

“சாவி போட்டு.”

“சாவி போட்டாப் பிடிக்காது.”

கண்ணன் என்னையே பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“அது… நான் நகர்ந்து உக்கார்ந்ததுல தானா அமந்துடுச்சுன்னுல்ல நினைச்சேன். உனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கெப்படித் தெரியுமா? உனக்கெப்படிடா தெரியும்? இவர் சொன்னாரா? அன்னைக்குக் குனிஞ்சு பார்த்தாரே!”

டாக்டர் விவரமானவர். “நிங்ஙள் சம்சாரிச்சோளூ, ஞானொரு சாயா குடிச்சிட்டு வராம்” என்று எங்களைப் பேசவிட்டு, கதவைத் திறந்து நழுவிவிட்டார்.

கண்ணன் எஞ்சினை நிறுத்தினான். அவன் கையும் என் கை போலவே சீட்டுக்கு அடியில் போனது. டக்.

“அப்பா சொன்னது” என்றான். “ஒரு மத்தியானம். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு. பாக்காதே, விரலுக்குத் தெரிஞ்சா போதும்னு.”

“ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேன்னாரா?”

“அக்காகிட்டகூடன்னார்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, அந்த மனுஷன் மேல் கோபமும் வந்தது. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, நீதான் சொந்தம், நீதான் சொந்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“வண்டி அப்பா எனக்குத் தந்தது, அக்கா ஓட்டிச் சாப்பிடட்டும்னு விட்டிருக்கேன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றான் கண்ணன்.

“எனக்குத் தந்த வண்டியில உன்னை ஏத்திட்டுப் போறேன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்டா.”

சாவி இத்தனை காலம் ஆணியில்தான் தொங்கியது. சுவிட்ச்சும் தெரியும். எந்த நாளிலும் அவன் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அந்த எண்ணம் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

“விக்கப் பேசினியா இல்லையா?”

“பேசினேன். வாக்கு கொடுக்கல. வேகமா ஓடுதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்னார். உனக்கு இடுப்பு வலி, அக்கா. ராத்திரியெல்லாம் தைலம் தேய்க்கிறே. எத்தனை நாள் இந்தக் கிளச்சை மிதிப்பே? அவர்கிட்ட இருந்தா வண்டியாவது நல்லா இருக்கும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“என் வண்டின்னு நினைச்சேன்ல” என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

மின்னல்

வந்தது வந்தோம், ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காமல் போவதா என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. இரண்டு பேருமாக மீசைக்காரரிடம் போய், சுவிட்ச் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம்.

“ஏனுங்க, காலைல ரெண்டு பேரும் இல்லைன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சோடு குனிந்தார். கதவைத் திறந்தால் கை எட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

“சுவிட்ச்சுக்குப் பொட்டு வெச்சு இப்பத்தானுங்க பாக்கறேன்.”

நானும் கண்ணனும் முதல் தடவையாக, அப்பா பேச்சை மீறி, குனிந்து பார்த்தோம். கறுப்புச் சுவிட்ச். அதன் மேல் விரல் பட்டு ஓரம் தேய்ந்த சந்தன வட்டம், நடுவில் குங்குமம். பழசு இல்லை, இந்த வருஷத்து ஆயுத பூஜைப் பொட்டு.

“நீ வெச்சதா?” என்றான் கண்ணன்.

“நான் எங்கடா வெச்சேன்? நீயா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் குங்குமச் சிமிழ் ஒரே ஒருத்தர் கையில்தான் இருக்கும்.

மீசைக்காரர் அதற்குள் சிவப்பு மின்னல் போட்ட ஒட்டுக் காகிதம் ஒன்றைக் கதவில், சுவிட்ச் இருக்கிற இடத்துக்கு நேராக, அழுத்தி ஒட்டிவிட்டார். வெளியே இருக்கிறவர்களுக்கு இடம் தெரியவேண்டுமாம், சட்டமாம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

அப்புறம் ஓட்டினேன். ஐயோ, அதை எப்படிச் சொல்ல! நாலாம் கியரில் போட்டுக் காலை முழுசாக அழுத்தினேன். ஜன்னல் வழியாகக் காற்று அறைந்தது. கான்கிரீட் இடுக்குகளின் டக் டக் சேர்ந்துபோய் ஒரே உறுமலாகிவிட்டது. வேகக் காட்டியின் ஊசி நடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. வளைவில் வண்டி சாய, கண்ணன் கத்தினான், நானும் கத்தினேன். பிரேக் சூடாகிக் கருகல் வாசனை வந்தது. அம்பாசடரை ஓவர்டேக் செய்தேன்! அடுத்து கண்ணனை ஓட்டச் சொன்னேன். நன்றாகத்தான் ஓட்டினான். என்னைவிட நன்றாக என்று சொல்லமாட்டேன்.

டாக்டர் கைதட்டினார். “நாளே விளிக்காம்” என்று, நாளைக்குப் போன் பண்ணுவதாகக் கண்ணனிடம் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போனார்.

கலூருக்கு எடு

திரும்பும் வழியெல்லாம் விற்பதா வேண்டாமா என்று சண்டை. சொந்தக்காரர் ஒருவர் என்றால் ஒரு பேச்சு, இருவர் என்றால் வழக்கு. நடுநடுவே இரண்டு பேர் கண்ணும் அந்தப் பொட்டைத் தேடிச் சீட்டுக்கு அடியில் போய் வந்தது.

மட்டாஞ்சேரிக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசலுக்கு வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. கதவிலிருந்த சிவப்பு மின்னலைப் பார்த்தாள். கிட்டே வந்து விரலால் தடவினாள்.

“இதென்ன கூத்து? ஊருக்கே இடம் காட்டி ஒட்டி வெச்சிருக்கீங்க?”

“உனக்குத் தெரியுமாம்மா?” என்றான் கண்ணன்.

“எனக்குத் தெரியாம? அந்த மனுஷன் அதை மாட்டறப்போ டார்ச் பிடிச்சது யாரு? பிள்ளைங்ககிட்டச் சொல்லாதே, நமக்குள்ள இருக்கட்டும்னார். நானும் இந்த நிமிஷம் வரைக்கும் வாயத் திறக்கல.”

நானும் கண்ணனும் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் கொட்டினோம். பல் டாக்டர், கலூர், இடுப்பு வலி, என் வண்டி, உன் வண்டி. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ரெண்டு பேரும் யாரு வண்டின்னு அடிச்சுக்கறீங்களே, ஒருத்தராவது என்கிட்டக் கேட்டீங்களா?”

அப்படிக் கேட்கவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே ஒருநாளும் தோன்றியதில்லை.

அம்மா உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கால்களை நீட்டிப் பார்த்தாள்.

“இங்கேயிருந்து பார்த்தா ரோடு நல்லாத் தெரியுதே” என்றாள். பிறகு, “ஏறு. கலூருக்கு எடு.”

“எதுக்கும்மா?”

“அந்தப் பல் டாக்டர்கிட்ட வண்டி குடுக்கறதுக்கில்லைன்னு சொல்லணும். நானே சொல்லிக்கறேன்.”

கண்ணன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். நான் டிரைவர் பக்கம் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, சீட்டுக்கு அடியில் கையை விடப் போனேன்.

“நீ இரு” என்றாள் அம்மா.

ரோட்டைப் பார்த்தபடியே நீளச் சீட்டில் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாள். அவள் கை என் காலுக்குக் கீழே போனது. தேடவே இல்லை. டக்.